கண் பறிபோன வீட்டுக்கு எப்படிப் போவது?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. போன வருடம் ஊர்த் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி நடந்த ராத்திரி, பையன்களுக்குள் தகராறு வந்தது. என் மகன் செங்கல் துண்டை எடுத்து வீசியதில் பின்தெருப் பையன் ஒருவனுக்கு இடது கண் பார்வை போய்விட்டது. இரண்டு பேரும் எட்டாவது வரை ஒன்றாகப் படித்தவர்கள். இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரணை முடிந்து, ஒரு வருடம் சிறப்பு இல்லத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை, அதற்கான காலமும் முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து மாதத்தில் வந்துவிடுவான். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் "அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும்மா" என்று அழுகிறான். கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறான், படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரோடு போய், தட்டில் பழமும் பணமும் வைத்துக் காலில் விழுந்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார் வக்கீல். அந்தப் பையனின் அப்பா ரேஷன் கடையில் எல்லார் முன்னாலும் "அவன் ஊருக்குள்ள வரட்டும், பார்த்துக்கறேன்" என்று சொன்னாராம். என் கணவர் மகனைப் பார்க்கப் போவதே இல்லை. சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் தப்பு செய்த பிள்ளையையும் அடிபட்டவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள் என்று டிவியில் பார்த்தேன். அது இங்கே முடியுமா? கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா?
(பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டும் போக வேண்டாம். ஆனால் உங்கள் மகன் ஆசைப்படுவது சரியான ஒன்று. அதற்கு வழி இருக்கிறது. செய்ய வேண்டிய வேலை நிறைய, அதனால் ஐந்து மாதத்தை அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் வேண்டாம் என்று நான் சொல்வது உங்கள் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது. அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தால் புரியும். சாயங்கால நேரம், வாசலில் ஊரில் மதிப்புள்ள நாலு பேர், தெருவே எட்டிப் பார்க்கிறது. நீங்கள் காலில் விழுகிறீர்கள். அந்த அம்மா என்ன செய்ய முடியும்? "எந்திரிம்மா" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். தட்டை வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்தது என்று ஊர் சொல்லும். வாங்காவிட்டால் "இத்தனை பேர் வந்து நின்னும் இறங்கி வரலை பாரு" என்று சொல்லும். பிள்ளையின் கண்ணும் போய், கல்நெஞ்சக்காரர்கள் என்ற பெயரும் அவர்களுக்கே வரும். நம் ஊர்ச் சமாதானங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. பிரச்சினையை ஊர் சீக்கிரம் முடிக்கப் பார்க்கும். முடிக்கிற பாரம் அடிபட்டவர் தலையில்தான் விழும்.

இரண்டு குடும்பமும் ஒரே சாதியா வேறா என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குத் தெரிய வேண்டாம், ஆனால் நீங்கள் யோசித்தே ஆக வேண்டும். அவர்கள் உங்களைவிட ஊரில் சொல் எடுபடாத பக்கம் என்றாலோ, உங்கள் சொந்தக்காரர் வயலிலோ கடையிலோ வேலை பார்ப்பவர்கள் என்றாலோ, பெரியவர்கள் ஒரு வார்த்தைகூடக் குரல் உயர்த்தாமல் வந்து நின்றாலும் அது மிரட்டல்தான். வந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். கதவைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் சொன்னதிலும் அர்த்தம் இருக்கிறது. விசாரணை நடக்கும்போது போயிருந்தால், சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாக ஆகியிருக்கும். மகன் சொல்லும் எந்த வார்த்தையும் அவனுக்கு எதிராகத் திரும்பியிருக்கலாம். இப்போது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனாலும் கோபத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போவது இப்போதும் சரியில்லை. "நானாகப் போக மாட்டேன், குழுமத்தின் அனுமதியோடு, நன்னடத்தை அலுவலர் (புரொபேஷன் ஆபீசர்) மூலமாகக் கேட்கப் போகிறேன்" என்று வக்கீலிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பதில் வேறு மாதிரி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

டிவியில் நீங்கள் பார்த்ததற்கு மறுசீரமைப்பு நீதி என்று பெயர். 1974இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில், 18, 19 வயதுப் பையன்கள் இரண்டு பேர் குடித்துவிட்டு ஒரே ராத்திரியில் 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். கார் டயரைக் கிழிப்பது, ஜன்னல் கண்ணாடியை உடைப்பது, இப்படி. அவர்கள் வழக்கைப் பார்த்த நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி, இந்தப் பையன்கள் அந்த வீடுகளுக்கே நேரில் போனால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி முதலில் தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார். பையன்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, தாங்கள் யார் என்று சொல்லி, எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார்கள். அலுவலர்கள் தள்ளி நின்றார்கள். சில மாதத்தில் நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். இன்று உலகத்தில் பல நாடுகளில் நடக்கும் இந்த முறைக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்வது வழக்கம்.

இதைப் படித்தால் "நானும் கதவைத் தட்டப் போகிறேன் என்றுதானே சொல்கிறேன்" என்று உங்களுக்குத் தோன்றும். அங்கே போனது டயரும் கண்ணாடியும். இங்கே ஒரு பிள்ளையின் கண். அதோடு, எல்மைராவுக்குப் பிறகு இந்த வேலையைச் செய்தவர்கள் கற்றுக்கொண்ட பெரிய பாடமே, கதவைத் தட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பல தடவை பேசித் தயார் செய்ய வேண்டும் என்பதுதான். பாதிக்கப்பட்டவர் எந்த நேரத்திலும் "வேண்டாம்" என்று எழுந்து போகலாம். சந்திக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் மறுக்கலாம். யாரும் காரணம் கேட்கக் கூடாது.

நியூசிலாந்தில் 1989இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அங்கே பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அரசு இல்லங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். எங்கள் பிள்ளைகள் விஷயத்தில் குடும்பத்துக்குப் பேச இடமே இல்லையா என்று அந்த மக்கள் கேட்ட கேள்விதான் அந்தச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். தவறு செய்த பிள்ளை, குடும்பம், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வருபவர்கள், போலீஸ், எல்லாரும் ஓர் அறையில் உட்காருவார்கள். காவலில் வைக்கப்பட்ட பிள்ளைக்கும் இது உண்டு. நடந்ததைப் பேசி முடித்ததும், குடும்பத்தை மட்டும் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள். சரிசெய்ய என்ன செய்யப் போகிறோம் என்று குடும்பம் தானே யோசித்து ஒரு திட்டத்தோடு வர வேண்டும். எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அப்பா, அம்மா, மாமா, பாட்டி என்று குடும்பம் முழுக்கப் பொறுப்பில் பங்கெடுக்கிறது. உங்கள் கணவரைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே வருகிறேன்.

இப்போது கடிதம். உங்கள் மகன் எழுதியது இவ்வளவுதான்: "தெரியாம நடந்துருச்சு. கோவத்துல கை தவறிருச்சு. என்னை மன்னிச்சிருங்க. இங்க ரொம்ப கஷ்டப்படுறேன். அம்மா தினமும் அழுவுறாங்க. இனிமே உங்க தெருப் பக்கமே வரமாட்டேன்."

அழுதுகொண்டே எழுதியிருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கண் போன பிள்ளையாக இருந்து இதை ஒருமுறை படியுங்கள். "தெரியாம" என்பது உண்மையில்லை. "கை தவறிருச்சு" என்பதும் இல்லை. குனிந்திருக்கிறான், செங்கல்லை எடுத்திருக்கிறான், ஆளைப் பார்த்து வீசியிருக்கிறான். கண்ணில் படவேண்டும் என்று நினைக்காமல் இருந்திருக்கலாம். அதை அப்படியே சொல்ல வேண்டும்: "உன் மேல் படட்டும் என்றுதான் வீசினேன். கண்ணில் படும் என்று நினைக்கவில்லை." கேட்கக் கஷ்டமான வார்த்தைதான், அதனால்தான் அதற்கு மதிப்பு. அடுத்து, தன் கஷ்டத்தையும் உங்கள் அழுகையையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டான். அவர்களுக்கு அவர்கள் அழுகையே போதும். "மன்னிச்சிருங்க" என்பதுகூட ஒரு கேட்பு. கொடுக்க வேண்டியவன் அங்கேயும் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். மன்னிப்பது அந்தப் பிள்ளையின் விருப்பம், இருபது வருடம் கழித்து மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். உங்கள் மகன் இதைச் சொல்லலாம்: "நான் செய்தது இது. இதற்கு நான்தான் பொறுப்பு. நீ என்ன கேட்டாலும் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்."

இதை நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். அவனே வந்து சேர வேண்டும். எலும்பை நேராக்காமல் கட்டுப் போட்டால் கோணலாகவே சேர்ந்துவிடும், அப்புறம் மறுபடி உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அவசர மன்னிப்பும் அப்படித்தான்.

எப்படி வந்து சேருவான்? 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரில் டெரி ஓ'கானல் என்ற போலீஸ் அதிகாரி இளம் வயதினரோடு இந்தச் சந்திப்புகளை நடத்தத் தொடங்கினார். அவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. என்ன நடந்தது? அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்? பிறகு என்ன நினைக்கிறாய்? யார் யாருக்குப் பாதிப்பு, எப்படி? சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? "ஏன் செய்தாய்" என்ற கேள்வி இதில் இல்லை, கவனித்தீர்களா? இல்லத்துப் பிள்ளைகளிடம் "ஏன்" என்று கேட்டால், கேட்பவருக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதைச் சொல்லிவிடுவார்கள். "சேர்க்கை சரியில்லை சார்", "புத்தி கெட்டுப்போச்சு மேடம்". போலீஸ், குழுமம், வார்டன் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில்கள் அவை. "அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்" என்று கேட்டால்தான் கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு வருவது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். நான் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) இந்தப் பிள்ளைகளோடு உட்காரும்போது அந்த ஒரு கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். "யாருக்குப் பாதிப்பு" என்று கேட்டால், முதல் தடவை பெரும்பாலானவர்கள் "எங்கம்மாவுக்கு" என்பார்கள். பல தடவை உட்கார்ந்து பேசிய பிறகுதான் அடிபட்டவர் பேச்சில் வருவார். உங்கள் மகனின் கடிதமும் இன்னும் அந்த முதல் இடத்தில்தான் நிற்கிறது.

அடுத்த தடவை பார்க்கப் போகும்போது நீங்கள் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: "இந்தக் கடிதத்தை யாராவது எழுதச் சொன்னாங்களா?" நல்ல எண்ணத்திலேயே சில ஊழியர்கள் எழுதச் சொல்வார்கள். எழுதினால் சீக்கிரம் விடுவார்கள் என்று கூட இருக்கும் பையன்கள் சொல்லியிருக்கலாம். கூடவே, "உன்னை யாராவது அடிக்கிறாங்களா, பயமா இருக்கா" என்றும் கேளுங்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பிள்ளை ஒருவன் இறந்துபோனதும், ஊழியர்கள் கைதானதும், பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயத்தில் இருக்கும் பிள்ளையால் பொறுப்பேற்க முடியாது. தன்னை அடிப்பவர்கள் நடுவில் இருப்பவன், தான் அடித்தவனைப் பற்றி யோசிக்க மாட்டான். தப்பிப்பதைப் பற்றித்தான் யோசிப்பான். அவன் "ஆமாம்" என்றால், முதல் வேலை குழுமத்திடம் அதைச் சொல்வது. மன்னிப்பு அதற்கு அப்புறம்தான்.

கண் போன அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். இந்த மாதிரிச் சந்திப்புகளில் அடிபட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை சில உண்டு. "ஏன் என்னைப் பார்த்து?" "முன்னாடியே திட்டம் போட்டியா?" "மறுபடியும் வருவியா?" ராத்திரி தூக்கம் வராமல் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்விகள் இவை. கோர்ட்டில் இவற்றைக் கேட்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. சாட்சிக் கூண்டில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளைக்குக் கோபம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எட்டாவது வரை பக்கத்தில் உட்கார்ந்தவன் செய்தான் என்ற வலி தனி. போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ போக நினைத்திருந்தால் அந்தக் கனவு போயிருக்கும். ஒரு கண்ணோடு படிக்கட்டு இறங்குவதும் பந்து பிடிப்பதும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை. அந்த ராத்திரி அவன் என்ன பேசினான், யார் முதலில் கை வைத்தது என்பதெல்லாம் உங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பேச்சு ஒருபோதும் சந்திப்புக்குள் வரக் கூடாது. அவனாக எடுத்தால் அது வேறு.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் லாரன்ஸ் ஷெர்மனும் ஹெதர் ஸ்ட்ராங்கும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வழக்குகளைக் கோர்ட்டுக்கும் சிலவற்றை இந்தச் சந்திப்புக்கும் குலுக்கல் முறையில் அனுப்பி ஒப்பிட்டார்கள். சந்திப்புக்குப் போன பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயமும் பழிவாங்கும் எண்ணமும் குறைவாக இருந்தது. ரேஷன் கடையில் அந்த அப்பா சொன்னதற்காக இதைச் சொல்கிறேன். போலீஸில் புகார் கொடுத்து அவர் வாயை அடைக்கலாம் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். நிஜமாகவே ஆள் வைத்து மிரட்டினால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வார்த்தை, பிள்ளைக்குக் கண் போனதும் எதையும் செய்ய முடியாமல் நின்ற ஓர் அப்பாவின் வார்த்தை. அதைக் கேட்க ஒருவர் உட்கார்ந்தாலே அதன் சூடு கொஞ்சம் இறங்கும்.

சரி, இங்கே முடியுமா? 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் இப்படிச் சந்திப்பு நடத்தச் சொல்லித் தனிப் பிரிவு கிடையாது. தடையும் கிடையாது. அந்தச் சட்டத்தின் நோக்கமே தண்டனை அல்ல, பிள்ளையை மறுபடி சமூகத்தோடு சேர்ப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டும். வெளியே வந்த பிறகு என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். மகனின் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பல நேரம் "தையல் பயிற்சி, கவுன்சலிங்" என்று ஒரே மாதிரி எழுதிவைத்திருப்பார்கள். "அடிபட்டவருக்குச் செய்ய வேண்டிய ஈடு" என்று அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. யாரிடம் கேட்பது? உங்கள் வழக்கைப் பார்த்த நன்னடத்தை அலுவலர், இல்லத்தின் ஆற்றுப்படுத்துநர், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு. எல்லாவற்றுக்கும் மேலே குழுமம். அங்கே ஒரு மாஜிஸ்ட்ரேட்டோடு சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர் உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். இந்த மாதிரி விஷயத்தை அந்த உறுப்பினர்களிடம் முதலில் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் குறைவு. நன்னடத்தை அலுவலர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. உங்கள் மாவட்டத்தில் ஒருவரும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கவில்லை என்றால் நேருக்கு நேர் சந்திப்பு இல்லாமலே செய்யலாம். நடுவில் ஒருவர் போய் அவர்கள் கேள்வியை வாங்கி வருவது, மகன் பதில் சொல்வது, மறுபடி கொண்டுபோவது. பயிற்சி இல்லாத ஒருவர் அவசரமாக நடத்தும் சந்திப்பைவிட இது எவ்வளவோ மேல். மோசமாக நடந்த சந்திப்பு அந்தப் பிள்ளையை இரண்டாம் தடவை அடித்ததற்குச் சமம்.

இந்த முயற்சியை மகனைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரப் பயன்படுத்தாதீர்கள். சட்டத்தின் 97ஆவது பிரிவில், அலுவலரின் அறிக்கையைப் பார்த்து முன்கூட்டியே விடுவிக்கக் குழுமத்துக்கு அதிகாரம் இருக்கிறது. யாராவது உங்களுக்கு அதைச் சொல்வார்கள். "மன்னிப்புக் கேட்டாச்சு, விட்டுடுங்க" என்று ஒரே மனுவில் இரண்டையும் எழுதினீர்கள் என்றால், அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் மகன் வெளியே வர ஏறிய படிக்கட்டாக ஆகிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

பணத்துக்கு வருவோம். 60,000 ரூபாய் உங்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மருத்துவச் செலவில் பங்கெடுப்பது நியாயம். ஆனால் தட்டில் வைத்துக் கொடுக்காதீர்கள், கையிலும் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வேண்டுமா, எதற்கு வேண்டும் என்று நடுவில் இருப்பவர் முதலில் கேட்கட்டும். வேண்டும் என்றால் வக்கீலிடம் சொல்லி, இது சமரசத்துக்கான பணம் இல்லை, இதை வாங்குவதால் அவர்களுடைய எந்த உரிமையும் போகாது என்று எழுத்தில் வைத்துக் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். அது அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் நடுவில் இருப்பவரே சொல்லட்டும். உங்கள் பணத்தைவிட அவர்களுக்கு அது அதிகமாகக்கூட உதவலாம். மகனும் தன் பங்காக ஏதாவது செய்ய வேண்டும். முழுப் பணத்தையும் அம்மா கட்டிவிட்டால் அவன் ஈடு செய்ததாக ஆகாது. வெளியே வந்து வேலைக்குப் போனதும் மாதம் ஒரு தொகை என்று அவனே சொல்லலாம்.

உங்கள் கணவர். அவருக்கு அவமானம், கோபம், பிள்ளை மேல் இருந்த நம்பிக்கை போன வேதனை, எல்லாம் சேர்ந்து இருக்கும். அந்தப் பிள்ளையின் அப்பா ஊரில் பேசுகிறார், இவர் வீட்டில் பேசாமல் இருக்கிறார். சந்திப்பு நடந்தால் அந்த அப்பா தேடப்போவது உங்களை அல்ல, இவரைத்தான். "உன் பையன் செஞ்சான், நீ எங்கே இருந்தே?" என்ற கேள்வி இவருக்காகக் காத்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார இவர் தயாராக வேண்டும். முதல் படியாக ஒரே ஒரு தடவை மகனைப் பார்க்க வரச் சொல்லுங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும். தன் அப்பா முகத்தைப் பார்க்கப் பயப்படும் பையன், இன்னொருவன் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பான்?

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேச வேண்டியது, அவன் வந்த பிறகு தினசரி எப்படி என்பதைத்தான். பெரிய வார்த்தைகளைவிட இதில்தான் அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அவர்கள் வீட்டு வழியாகத்தான் போக வேண்டுமா, சுற்றிப் போக வழி இருக்கிறதா? அந்தப் பிள்ளை காலையில் எந்த பஸ்ஸில் போகிறான்? அதே பஸ்ஸில் இவன் ஏறக் கூடாது. கிரிக்கெட் மைதானம் யாருக்கு எந்த நேரம்? எதிரில் வந்துவிட்டால் யார் ஒதுங்குவது? அடுத்த திருவிழாவின் கச்சேரி ராத்திரி இவன் ஊரில் இருக்கலாமா? முதல் சில மாதம் வேறு ஊரில் மாமா வீட்டில் இருந்து வேலைக்குப் போவது நல்லதா? "உங்க தெருப் பக்கமே வரமாட்டேன்" என்று மகன் எழுதியிருக்கிறான். அதை முடிவு செய்யும் உரிமையும் அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில். "வந்தால் வரட்டும், என் எதிரில் நிற்காமல் இருந்தால் போதும்" என்று அவன் சொல்லலாம். "ஒரு வருடம் ஊருக்கே வரக் கூடாது" என்றும் சொல்லலாம். நேரில் பார்க்கவே மறுக்கும் குடும்பங்கள்கூட, நடுவில் ஒருவர் வழியாக இந்த விஷயங்களைப் பேச ஒப்புக்கொள்வது உண்டு. பேசி முடிவானதை எழுதி, இரண்டு வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட விடாதீர்கள். சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். நீங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதியது சரி. 24ஆவது பிரிவு, இந்த வழக்கு அவன் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக் குறைவாக ஆகக் கூடாது என்கிறது. சட்டம் கொடுத்த அந்தப் பாதுகாப்பைச் சொந்தக்காரர்களின் போட்டோவும் ஸ்டேட்டஸும் கெடுத்துவிட வேண்டாம்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். அப்போது ஒரு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது. மனசு மாறினால் எங்கே சொல்ல வேண்டும் என்று மட்டும் அலுவலர் சொல்லிவிட்டு வர வேண்டும். மகன் திருத்தி எழுதிய கடிதம் அலுவலரிடம் கோப்பில் இருக்கட்டும். கேட்டால் கொடுக்க, கேட்காவிட்டால் அங்கேயே இருக்க. அவன் செய்த வேலை அதனால் வீணாகாது. சமூக சேவை என்ற வகையில் மருத்துவமனையில் உதவுவது, உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் செய்வது போன்றவற்றை விதிகளே சொல்கின்றன. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டவோ, தேர்வு எழுத உதவவோ அவனால் முடியுமா என்று அலுவலரிடம் கேளுங்கள். ஆனால் அதைப் போய் அந்தக் குடும்பத்திடம் காட்டக் கூடாது.

இந்த வாரமே மனு எழுதுங்கள். வக்கீலிடம் காட்டிவிட்டு, குழுமத்துக்கு ஒன்று, நன்னடத்தை அலுவலருக்கு ஒன்று. இவ்வளவு போதும்:

"என் மகன் தான் செய்த தவறுக்குப் பொறுப்பேற்று, பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்லவும் தன்னால் முடிந்த ஈடு செய்யவும் விரும்புகிறான். இதற்காக அவனை ஆற்றுப்படுத்துநர் மூலம் தயார் செய்யவும், அதன் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு விருப்பம் இருந்தால் மட்டும், அலுவலர் வழியாக அவர்களைக் கேட்கவும் வேண்டுகிறேன். அவர்கள் மறுத்தால் நாங்கள் வற்புறுத்த மாட்டோம். இதற்கு ஈடாக முன்விடுதலையோ வேறு சலுகையோ நாங்கள் கேட்கவில்லை. அவன் ஊர் திரும்பும்போது அவர்களுடைய பாதுகாப்புக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் அவர்களிடம் கேட்டுச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போடும் இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயருக்கும் இடம் விடுங்கள். மனுவைக் கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் அந்த ஒப்புகையோடு மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள், எனக்கும் எழுதுங்கள்.